18 ஷில்லிங்கில் ஒரு வாரம்: ஆலை நகரக் குடும்பத்தின் வரவு செலவைப் போட்டுப் பார்ப்பது எப்படி

மேடை நாடகத்துக்கோ, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் இலக்கியப் பாடத்துக்கோ, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழில் நகரத்து ஏழைக் குடும்பத்தைப் பற்றி எழுத உட்காருபவர்கள் முதலில் எழுதுவது புகை, இருமல், குடிகார அப்பா. அந்தக் குடும்பம் எந்தக் கிழமையில், எத்தனை காசு குறைந்து தடுமாறியது என்று கேட்டால் பதில் வராது. அதனால் வசனத்தையும் கட்டுரையையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் கணக்கு. ஒரு தாளும் இரண்டு மணி நேரமும் போதும்.

அளவுகோலாக யார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். ரயில் பெட்டிப் பட்டறைகளும் கோக்கோ, மிட்டாய் ஆலைகளும் இருந்த ஊர். 1899-இல் சீபோம் ரவுன்ட்ரீ அங்கே வீடு வீடாக விவரம் திரட்டினார். 11,560 தொழிலாளர் குடும்பங்கள், அவற்றில் 46,754 பேர். ஆலை முதலாளி வீட்டுப் பிள்ளை எடுத்த கணக்கெடுப்பு அது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவருடைய அறிக்கை இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது.

ஊர், ஆண்டு, பிள்ளைகளின் வயது

இந்த மூன்றையும் தாளின் மேலே எழுதிவிட்டு, கடைசிவரை மாற்றாதீர்கள். '19-ஆம் நூற்றாண்டு' என்று பொதுவாக வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பும். 1840-இல் நடக்கும் காட்சியில் ரொட்டிக்கு மார்ஜரின் தடவக் கூடாது. அது 1869-இல்தான் உருவானது. முதியோர் ஓய்வூதியம் அந்த நூற்றாண்டில் எந்த ஆண்டிலும் கிடையாது. 1908-இல் சட்டமாகி 1909-இல்தான் கைக்கு வந்தது.

பிள்ளைகளின் வயதில்தான் தவறு அதிகம். 1833 சட்டம் நெசவாலைகளில் 9 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடுத்தது. பிறகு வயது ஏறிக்கொண்டே போயிருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்வோம். 1844 சட்டமோ வேலை நேரத்தைப் பாதியாக்கி, பாதி நாள் பள்ளி என்ற ஏற்பாட்டோடு வயதை 8-க்கு இறக்கியது. பள்ளி கட்டாயமானது 1880-இல், அதுவும் 10 வயது வரைதான். 1893-இல் 11, 1899-இல் 12. 1891-க்கு முன் பெரும்பாலான பள்ளிகளில் வாரா வாரம் சில பென்னி கட்டணம் உண்டு. ஆகவே '1899, யார்க், பிள்ளைகள் 9, 6, 2' என்று எழுதினால், அந்த வீட்டில் முழுநேர வேலைக்குப் போகும் பிள்ளை இல்லை என்பது சட்டத்திலேயே முடிந்துவிட்ட விஷயம். இந்தக் குடும்பத்தையே கீழே எடுத்துக்கொள்வோம்.

எல்லாவற்றையும் பென்னியாக்குங்கள்

4 பார்த்திங் 1 பென்னி. 12 பென்னி 1 ஷில்லிங். 20 ஷில்லிங் 1 பவுண்டு. 21 ஷில்லிங் 8 பென்னியை 21.8 என்று எழுதினால் கணக்கு அப்போதே கெட்டது. சரியான எண் 260 பென்னி. எக்செல் தாளில் பழைய முறைப்படி 12/9 என்று தட்டினால் அது தேதியாக எடுத்துக்கொண்டு செப்டம்பர் 12 என்றோ டிசம்பர் 9 என்றோ காட்டும். ஷில்லிங்குக்கு ஒரு கட்டம், பென்னிக்கு ஒரு கட்டம் வைத்து, முதலாவதை 12-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். திரும்ப மாற்றும்போது 12-ஆல் வகுத்து வருவது ஷில்லிங், மீதி பென்னி.

சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்ற வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் மாற்றுக் கருவிகள் ஒரு ஷில்லிங்குக்கு ஆளுக்கொரு தொகை சொல்லும். எதைக் கொண்டு அளந்தார்கள் என்று தெரியாமல் அதை நம்பி எழுதினால், கோப்பிக் கடையில் சில்லறை எண்ணுகிற மாதிரி ஆகிவிடும். உழைப்பு நேரத்தால் அளப்பது நல்லது. யார்க்கில் தனித்திறன் இல்லாத கூலியாளுக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் கிடைத்தது. 18 ஷில்லிங் என்றால் 216 பென்னி. வாரம் 54 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 4 பென்னி. 1890-களில் 4 பவுண்டு எடையுள்ள ரொட்டி, அதாவது சுமார் 1.8 கிலோ, 5 அல்லது 6 பென்னி. ஒரு ரொட்டிக்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேர வேலை. இந்த ஒரு விகிதத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டால் மற்ற விலைகள் தானாக விளங்கும்.

செலவுப் பக்கம்

அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு உடம்பைக் காக்கக் குறைந்தபட்சம் என்ன வேண்டும் என்று ரவுன்ட்ரீ போட்ட வாரக் கணக்கு இது: உணவு 12 ஷில்லிங் 9 பென்னி, வாடகை 4 ஷில்லிங், துணி 2 ஷில்லிங் 3 பென்னி, விறகு நிலக்கரி 1 ஷில்லிங் 10 பென்னி, மற்றவை எல்லாம் சேர்த்து 10 பென்னி. மொத்தம் 21 ஷில்லிங் 8 பென்னி.

தலைக்கு எவ்வளவு என்பதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு குடும்பத்துக்குக் கணக்கு மாற்ற அதுதான் உதவும். உணவு, பெரியவருக்கு 3 ஷில்லிங், பிள்ளைக்கு 2 ஷில்லிங் 3 பென்னி. துணி, பெரியவருக்கு 6 பென்னி, பிள்ளைக்கு 5 பென்னி. 'மற்றவை' என்பது தலைக்கு 2 பென்னி. ஆக ஒரு பிள்ளை கூடினால் வாரத்துக்கு 2 ஷில்லிங் 10 பென்னி கூடும். ஆனால் இரண்டாவது பிள்ளைக்கும் நான்காவது பிள்ளைக்கும் வீடு போதாமல் வாடகையும் ஒரு படி ஏறும். கணவன் மனைவி மட்டும் என்றால் 11 ஷில்லிங் 8 பென்னி, ஒரு பிள்ளையோடு 14 ஷில்லிங் 6 பென்னி, இரண்டோடு 18 ஷில்லிங் 10 பென்னி, மூன்றோடு 21 ஷில்லிங் 8 பென்னி, நான்கோடு 26 ஷில்லிங். 18 ஷில்லிங் கூலிக்காரர் எந்தத் தொட்டிலோடு வறுமைக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறார் என்பது இந்த வரிசையிலேயே தெரிகிறது. இரண்டாவது தொட்டில்.

இந்தப் பட்டியலில் எது இல்லை என்பதையும் எழுதி வையுங்கள். உணவுப் பட்டியல், கதியற்ற ஏழைகளை வேலை வாங்கிக்கொண்டு தங்கவைத்த உழைப்பு விடுதியில் (ஒர்க்ஹவுஸ்) போட்ட சாப்பாட்டை ஒட்டியது. கசாப்புக் கடை இறைச்சி கிடையாது. ஞாயிறு மதியம் ஆணுக்கு 3 அவுன்ஸ் வேகவைத்த பன்றி இறைச்சி, சுமார் 85 கிராம். தபால் தலை, செய்தித்தாள், புகையிலை, பீர், ரயில் பயணம், சங்கச் சந்தா, பிள்ளைக்கு ஒரு பொம்மை, இவற்றுக்கு ஒரு பென்னியும் ஒதுக்கவில்லை. ஏழைகள் பலர் பிள்ளை இறந்தால் அடக்கச் செலவுக்காக வாரம் ஒரு பென்னி காப்பீடு கட்டினார்கள். அதுவும் இந்த 260 பென்னிக்குள் வராது. உங்கள் கதையில் அப்பா புகை பிடித்தால், அந்தக் காசு யாருடைய தட்டிலிருந்து வந்தது என்று கணக்கில் காட்டியாக வேண்டும்.

கழித்தல்

தேவை 260. வரவு 216. பற்றாக்குறை 44 பென்னி, அதாவது 3 ஷில்லிங் 8 பென்னி. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பலர் பற்றாக்குறையைக் கண்டதும் 'பசியால் வாடினர்' என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். 44 பென்னியை எந்த வரியில் வெட்டினார்கள் என்று பாருங்கள்.

வாடகையை வெட்ட முடியாது. வசூலிப்பவர் வாசலில் நிற்பார். குளிர்காலத்தில் நிலக்கரியை ஓரளவுக்கு மேல் வெட்ட முடியாது. துணியைத் தள்ளிப்போடலாம், ஆனால் செருப்பு கிழிந்தால் பிள்ளை பள்ளிக்குப் போகாது. நெகிழக்கூடிய வரி ஒன்றே ஒன்று, உணவு. 153-இலிருந்து 44 போனால் 109 பென்னி. ஐந்து பேருக்கு ஏழு நாள் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு 3 பென்னியும் கொஞ்சமும்.

அந்த 109 ஐந்தாகப் பங்கிடப்படவும் இல்லை. சுமை தூக்குகிறவர் சாப்பிடாமல் போனால் திங்கட்கிழமை வேலை போய்விடும், வேலை போனால் எல்லாருக்கும் பூஜ்யம். எனவே அவருக்கு முழுப் பங்கு, 36 பென்னி. மீதி 73. அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் வேண்டியது 117. பிள்ளைகளுக்கு முக்கால் பங்காவது கொடுப்போம் என்று அவள் முடிவெடுத்தால் 60¾ பென்னி போய்விடும். அவளுக்கு மிஞ்சுவது 12¼ பென்னி. 36 பென்னிச் சாப்பாடு சாப்பிட வேண்டியவள் மூன்றில் ஒரு பங்கில் வாரத்தை ஓட்டுகிறாள். கூடுதல் செலவு வரும்போதெல்லாம் தாயும் பிள்ளைகளும்தான் வயிற்றைக் கட்டினார்கள் என்று ரவுன்ட்ரீயும் எழுதியிருக்கிறார். 'நான் அப்புறம் சாப்பிடுறேன், நீங்க சாப்பிடுங்க' என்ற வசனம் நம் மேடைக்குப் புதிதில்லை. பின்னால் 12¼ என்ற எண் இருந்தால் அதைச் சொல்லும் நடிகைக்கு எந்த அளவு குரல் வேண்டும் என்பது தெரியும்.

வரவைக் கூட்டும் வழிகளையும் எழுதுங்கள்: ஊரார் துணியைத் துவைத்துப் பிழிந்து கொடுப்பது, ஓர் அறையை வெளியாளுக்கு விடுவது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு உண்டு. துவைக்கச் சோப்பும் நிலக்கரியும் வேண்டும். அறையை விட்டால் ஐந்து பேரும் ஒரே அறையில் படுக்க வேண்டும். வரவை மட்டும் சேர்த்துவிட்டு இதை மறந்தால் கணக்கு பொய்யாக நேராகிவிடும்.

கிழமைகள்

மாதக் கணக்கு போடாதீர்கள். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு அது பழக்கம், அவர்களுக்கு இல்லை. சனிக்கிழமை கூலி, திங்கட்கிழமை வாடகை. நடுவில் அடகுக்கடை.

1872 அடகுக்காரர் சட்டப்படி சிறு கடனுக்கு 2 ஷில்லிங்குக்கு மாதம் அரைப் பென்னி வட்டி; 10 ஷில்லிங் வரையிலான கடனுக்கு ரசீதுக்கு அரைப் பென்னி. மாதத்தில் சில நாள் வைத்தாலும் முழு மாத வட்டி. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் திங்கள் காலை 6 ஷில்லிங்குக்கு வைக்கிறார்கள் என்போம். ரசீதுக்கு அரைப் பென்னி போகக் கையில் 5 ஷில்லிங் 11½ பென்னி. சனிக்கிழமை மீட்க 6 ஷில்லிங் 1½ பென்னி. வாரத்துக்கு 2 பென்னிதானே என்று தோன்றும். ஆண்டு முழுக்கச் செய்தால் 104 பென்னி, 72 பென்னிக் கடனுக்கு. இன்று சிங்கப்பூர் அடகுக்கடையில் மாத வட்டி ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. அங்கேயும் சட்டத்தில் எழுதிய விகிதம் மாதம் இரண்டு விழுக்காட்டை ஒட்டித்தான் இருந்தது. வாரா வாரம் வைத்து வாரா வாரம் மீட்டதால்தான் அது கடனையே தாண்டிப் போயிற்று.

இன்னொரு கேள்வியும் வரும்: அந்தக் கோட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக நிம்மதியாக இருக்கலாமே? விற்றால் அடுத்த திங்கட்கிழமை வைக்க ஒன்றும் இருக்காது. கோட்டுதான் அந்த வீட்டின் வங்கி.

வேலை இல்லாத வாரங்களைச் சராசரியாக்காதீர்கள். ஆண்டில் 6 வாரம் கூலி போனால் சராசரி 15 ஷில்லிங் 11 பென்னி என்று வரும். தாளில் அது பரவாயில்லை போலத் தெரியும். 6 வாரமும் தொடர்ந்து வந்ததா, விட்டு விட்டு வந்ததா என்பதில்தான் கடைக்காரர் கடன் எழுதுவாரா மாட்டாரா என்பது இருக்கிறது. 52 வரி போட்டு ஒவ்வொரு வாரத்தையும் தனியாக எழுதுங்கள்.

குடிகார அப்பா

யார்க் மக்கள்தொகையில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். அவர்களை ரவுன்ட்ரீ இரண்டாகப் பிரித்தார். வருமானம் முழுவதையும் சிக்கனமாகச் செலவிட்டாலும் உடம்பைக் காக்கப் போதாதவர்கள் 9.91 விழுக்காடு. வருமானம் போதும், ஆனால் குடியாலோ நிர்வாகக் குறையாலோ வேறு செலவாலோ தட்டுப்பட்டவர்கள் மீதிப் பேர். குடி இந்த இரண்டாம் வகையில்தான் வருகிறது. முதல் வகைக்கான காரணங்களைப் பாருங்கள்: ஒழுங்காக வேலைக்குப் போயும் கூலி குறைவு, 51.96 விழுக்காடு, பிள்ளைகள் அதிகம், 22.16, சம்பாதிப்பவர் இறந்துவிட்டார், 15.63. வேலையே இல்லை என்பது 2.31 மட்டும். குடிக்காத, ஒரு நாளும் வேலைக்குத் தவறாத அப்பாவின் வீட்டிலும் 44 பென்னி குறைகிறது என்று காட்டுவது எழுதக் கஷ்டம், ஆனால் அதுதான் அந்த ஊரின் கணக்கு.

அதே குடும்பத்தைப் பத்துப் பத்து ஆண்டாக நகர்த்தியும் பாருங்கள். கூலியாளின் வாழ்க்கை ஐந்து கட்டமாக ஏறி இறங்கும்: பிள்ளைப் பருவத்தில் தட்டுப்பாடு, தானும் உடன்பிறந்தோரும் சம்பாதிக்கும்போது கொஞ்சம் மூச்சு, தொட்டில்கள் வந்ததும் மறுபடி தட்டுப்பாடு, பிள்ளைகள் வேலைக்குப் போனதும் மூச்சு, முதுமையில் கடைசி இறக்கம். கதையை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறீர்களோ அதைப் பொறுத்து அதே 18 ஷில்லிங் போதவும் செய்யும், போதாமலும் போகும்.

மான்செஸ்டர் என்றால்

ஊரை மான்செஸ்டர் வட்டாரத்துக்கு மாற்றி ஆண்டை 1862 என்று வைத்தால் கணக்கு தலைகீழாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்ற காலம், 1861 முதல் 1865 வரை. வரவுப் பக்கம் பூஜ்யத்தை நெருங்கும். நிவாரணக் குழுவின் உதவி என்று தாளில் புது வரி ஒன்று எழுத வேண்டும். கவனிக்க வேண்டிய நுணுக்கம், ஆலை மறுபடி திறந்த பிறகும் கூலி பழைய நிலைக்கு வரவில்லை. இந்தியப் பஞ்சை அவர்கள் பொதுவாகச் 'சூரத்' என்றார்கள். இழை குட்டை, அழுக்கு அதிகம், நூல் அடிக்கடி அறும். நெய்தது எவ்வளவோ அதற்குத்தான் கூலி என்பதால், அதே மணி நேரம் நின்றும் கைக்கு வருவது குறைந்தது. இந்தியாவில் பஞ்சு விலை ஏறி நம் கைத்தறிக்காரர்களுக்கு நூல் எட்டாமல் போனதும் அதே ஆண்டுகளில்தான். இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டால் நல்ல நாடகம் ஒன்று கிடைக்கும், யாராவது எழுதலாம்.

மொழிபெயர்ப்பில் வழுக்கும் இடம்

ஒர்க்ஹவுஸ் என்பதை அனாதை விடுதி, அன்னச் சத்திரம் என்று தமிழாக்குகிறார்கள். இரண்டும் தவறான படத்தைத் தரும். 1834 ஏழையர் சட்டத்துக்குப் பிறகு அங்கே போனால் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கல் உடைப்பதும் பழைய கயிற்றைப் பிரிப்பதும் வேலை. வெளியில் கிடைக்கும் மிகக் கேவலமான பிழைப்பைவிட இது மோசமாக இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 'உழைப்பு விடுதி' என்று வைத்து, முதல் காட்சியிலேயே ஒருவர் வாயால் அது என்னவென்று சொல்ல வைத்துவிடுங்கள். மக்கள் ஏன் அங்கே போகாமல் 12¼ பென்னியில் காலம் தள்ளினார்கள் என்பது அப்போதுதான் பார்வையாளருக்கு எட்டும்.

பிள்ளைகளுக்குப் பாடமாகச் செய்பவர்கள் இதே தாளில் சிங்கப்பூரையும் வைக்கலாம். குறைந்தபட்ச வருமான அளவை இங்கே ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: 65 வயதைத் தாண்டித் தனியாக வாழ்பவருக்கு மாதம் 1,379 வெள்ளி என்று 2019-இல் வந்தது, 7 முதல் 12 வயதில் ஒன்று, 13 முதல் 18 வயதில் ஒன்று என இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,426 வெள்ளி என்று 2021-இல் வந்தது. ரவுன்ட்ரீ கலோரியை வைத்துத் தானே பட்டியல் போட்டார். இங்கே எது தேவை என்று சாதாரண மக்களையே உட்காரவைத்துப் பேசி முடிவெடுத்தார்கள். பொம்மையும் தபால் தலையும் எந்தப் பட்டியலில் இடம் பிடிக்கும் என்று பிள்ளைகளை வாதாட விடுங்கள்.

மேடைக்கு ஒரு குறிப்பு. 1860-க்குப் பிந்தைய வெண்கலப் பென்னி ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் அகலம், 9.4 கிராமுக்குக் கொஞ்சம் மேல். நம் ஒரு வெள்ளி நாணயம் அதைவிட 6 மில்லிமீட்டர் சிறியது. அதை வைத்து நடித்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது, ஓசையும் சன்னமாக இருக்கும். தடித்த பித்தளை வில்லை வெட்டிக்கொள்ளுங்கள். கூலியைப் பென்னியாகக் கொட்ட வேண்டாம். 18 ஷில்லிங் என்பது ஏழு அரைக் கிரவுனும் (ஒன்று 2 ஷில்லிங் 6 பென்னி) ஓர் ஆறு பென்னி வெள்ளிக் காசும், மொத்தம் எட்டே நாணயம். சனிக்கிழமை இரவு அம்மா அதைக் கடையில் ஷில்லிங்கும் சில்லறையுமாக மாற்றி வந்து மேசையில் வைக்கிறாள். கோட்டை மீட்க 6 ஷில்லிங் 1½ பென்னியை முதலில் ஒதுக்குகிறாள். மீதி 11 ஷில்லிங் 10½ பென்னியிலிருந்து திங்கட்கிழமை வாடகைக்கு 4 ஷில்லிங்கைத் தனியே எடுத்து மூடி போட்ட குவளைக்குள் போடுகிறாள். அந்த நாலு காசு விழும் ஓசைக்குப் பிறகு வசனத்தைத் தொடங்குங்கள்.